எழுதிப் பிழைத்த பெண்மணி

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

பள்ளி நூலகங்களில் மாணவியர் கைபட்டுக் கைபட்டு ஓரம் தேய்ந்துபோன புத்தகங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'லிட்டில் விமன்'. மெக், ஜோ, பெத், ஏமி என்னும் நான்கு சகோதரிகளின் கதை அது. அவர்களோடு சேர்ந்து சிரித்தவர்களும், பெத் இறக்கும் இடத்தில் கண்ணீர் விட்டவர்களும் நம்மிடையே பலர்.

கதையை அறிந்த நாம், அதை எழுதிய லூயிசா மே ஆல்காட் அம்மையாரின் வாழ்க்கையை அவ்வளவாக அறிந்ததில்லை. ஏழ்மையில் பிறந்து, வீட்டிலும் வாடகை அறையிலும் அமர்ந்து, பத்திரிகைகளுக்குக் கதை கதையாக எழுதி அனுப்பி, அந்த வருமானத்தால் பெற்றோரையும் சகோதரிகளையும் காப்பாற்றியவர் அவர். முதல் கதைக்குச் சன்மானம் பெற்ற நாள் முதல் குடும்பக் கடன்கள் அனைத்தும் தீர்ந்த நாள் வரை 17 ஆண்டுகள் ஆயின. அந்த 17 ஆண்டுகளின் உழைப்பைத்தான் நாம் இங்கே காணப் போகிறோம்.

பிறப்பும் வறுமையும்

1832ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் லூயிசா பிறந்தார். நான்கு பெண்களில் இவர் இரண்டாமவர். மூத்தவர் ஆனா, தங்கையர் எலிசபெத், மே. தந்தை பிரான்சன் ஆல்காட் ஓர் ஆசிரியர், சிந்தனையாளர். பிள்ளைகளைக் கேள்வி கேட்டுச் சிந்திக்க வைப்பதே கல்வி என்று நம்பியவர். பாஸ்டன் நகரில் தாம் நடத்திய பள்ளியில் அவர் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டார். மற்றப் பெற்றோர் அதை எதிர்த்தனர். அச்சிறுமியை நீக்க அவர் மறுத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் நின்றுவிடவே, 1839இல் பள்ளி மூடப்பட்டது.

கொள்கை உயர்ந்ததுதான். ஆனால், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதன்பின் நெடுங்காலம் தந்தைக்கு நிலையான வருமானம் இல்லை. 1843இல் அவர் நண்பர்களோடு சேர்ந்து 'ஃப்ரூட்லண்ட்ஸ்' என்ற பண்ணையில் ஒரு புதிய சமுதாயத்தை அமைக்க முயன்றார். இறைச்சி கூடாது, பால் கூடாது, அடிமைகளின் உழைப்பால் விளைந்த பருத்தியில் நெய்த துணியும் கூடாது. குளிர்காலம் வந்தபோது உணவும் விறகும் தீர்ந்தன, பண்ணையும் கலைந்தது. அப்போது லூயிசாவுக்கு வயது பதினொன்று.

தாயார் அபிகேயில் துணிவுமிக்கவர். பாஸ்டன் நகரில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று உதவும் பணியைச் சம்பளத்துக்குச் செய்து குடும்பத்தைத் தாங்கினார். தாயின் சோர்ந்த முகத்தைப் பார்த்து வளர்ந்த லூயிசா, இந்தக் குடும்பத்தின் சுமையைத் தாமே இறக்கி வைப்பது என்று இளம் வயதிலேயே உறுதி பூண்டார்.

ஊசியும் பேனாவும்

அந்நாளில் ஒரு பெண் சம்பாதிக்கும் வழிகள் மிகச் சில. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், துணி தைக்கலாம், பிறர் வீட்டில் வேலை செய்யலாம். லூயிசா மூன்றையும் செய்தார். 1851இல் ஒரு வீட்டில் ஏழு வாரங்கள் வேலை செய்தார். பனியை வாரினார், விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது நான்கு டாலர்!

தையல் வேலையும் அப்படித்தான். ஒரு முறை ஒருவருக்காகப் பன்னிரண்டு தலையணை உறைகள், பன்னிரண்டு படுக்கை விரிப்புகள், ஆறு கழுத்துப் பட்டைகள், இருபத்து நான்கு கைக்குட்டைகள் தைத்துக் கொடுத்தார். குறித்த நாளில் முடிப்பதற்காக ஓர் இரவு முழுவதும் கண் விழித்தார். அதற்கும் கூலி நான்கு டாலர்தான்.

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். லூயிசாவோ அதிலும் ஒரு நன்மையைக் கண்டார். தைக்கும்போது கைக்குத்தான் வேலை; மனம் சும்மாதானே இருக்கிறது? ஊசி ஓடும்போதே கதையை மனத்தில் அமைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்ததும் அமர்ந்து எழுதிவிடுவார். நேரம் இல்லை, நேரம் இல்லை என்று தினமும் சொல்லும் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

முதல் சன்மானம்

பதினாறு வயதில் எழுதி வைத்த ஒரு கதை, 1852இல் பாஸ்டனிலிருந்து வெளிவந்த 'ஆலிவ் பிராஞ்ச்' என்ற பத்திரிகையில் அச்சாயிற்று. சன்மானம் ஐந்து டாலர். ஏழு வாரம் வீட்டு வேலை செய்து பெற்றதைவிட ஒரு டாலர் அதிகம்! எழுத்தும் ஒரு தொழிலாகலாம் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது.

1854இல் அவரது முதல் நூல் 'ஃப்ளவர் ஃபேபிள்ஸ்' வெளிவந்தது. எமர்சன் என்னும் பேரறிஞர் அவர்கள் குடும்ப நண்பர். அவருடைய மகளுக்காகச் சொன்ன கதைகளின் தொகுப்பு அது. லூயிசாவுக்குக் கிடைத்தது 32 டாலர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நூலின் முதல் பிரதியைத் தாயாருக்குப் பரிசளித்தார்.

இதற்குள் பேரும் புகழும் வந்துவிட்டன என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பதிப்பாளர், லூயிசாவின் கட்டுரை ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, எழுத்து உமக்கு வராது, ஆசிரியப் பணியையே பாரும் என்று அறிவுரை கூறினார். 1862இல் குழந்தைகள் பள்ளி ஒன்றைத் தொடங்க 40 டாலர் கடனும் கொடுத்தார். பள்ளி நிலைக்கவில்லை. பிற்காலத்தில் புகழ் பெற்ற பிறகு லூயிசா அந்த 40 டாலரையும் மறவாமல் திருப்பிக் கொடுத்தார். மறுப்புக்கு அதைவிடப் பணிவான பதில் வேறு உண்டோ?

கணக்கு எழுதிய கை

லூயிசா நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உடையவர். அதில் தம் வருமானத்தையும் குறித்து வைப்பார். 1850களில் எழுதிய ஒரு கணக்கில் பள்ளியில் 50 டாலர், தையலில் 50 டாலர், கதைகளில் 20 டாலர் என்று காண்கிறோம். அவர் மிகவும் நேசித்த தொழில்தான் மிகக் குறைவாகக் கொடுத்தது! ஆனாலும், எந்தப் பத்திரிகை எவ்வளவு தருகிறது, எந்தக் கதைக்கு எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். அவர் தம் உழைப்பை அளந்தார். கணக்கு எழுத எழுத, எழுத்து வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் தொழிலாக வளர்ந்தது.

1860இல் 'அட்லாண்டிக் மன்த்லி' என்ற மதிப்புமிக்க இதழ் அவரது கதையை வெளியிட்டு 50 டாலர் அனுப்பியது. ஐந்து டாலரிலிருந்து ஐம்பது டாலருக்கு வர எட்டு ஆண்டுகள்!

வீட்டில் ஒரு மேசை

1858இல் தங்கை எலிசபெத் இறந்தார். ஏழைக் குடும்பம் ஒன்றிலிருந்து தொற்றிய செங்காய்ச்சலால் நலிந்து, இரண்டு ஆண்டுகள் வாடி மறைந்தார். கதையில் வரும் பெத் இவரே. அதே ஆண்டில் ஆல்காட் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் 'ஆர்ச்சர்டு ஹவுஸ்' என்ற வீட்டில் குடியேறியது. அங்கே லூயிசாவின் அறையில், இரண்டு சன்னல்களுக்கு இடையே, சுவரோடு சேர்த்துத் தந்தை ஒரு சிறிய அரைவட்ட மேசையைச் செய்து கொடுத்தார். பெண்கள் மூளையைக் கொண்டு உழைப்பது உடலுக்கு ஆகாது என்று பலர் நம்பிய காலம் அது. மகள் எழுதுவதற்கென்று தந்தை தம் கையால் மேசை செய்து தந்தார் என்பதை நாம் சாதாரணமாகக் கருதலாகாது.

எழுத அமர்ந்துவிட்டால் லூயிசா ஊண் உறக்கம் மறந்துவிடுவார். 1861இல் ஒரு நாவலைத் திருத்தி எழுதியபோது ஏறக்குறைய மூன்று வாரம் அவர் அறையை விட்டு வருவதே அரிதாயிற்று. தாயார் அவருக்காகப் பச்சைப் பட்டில் ஒரு குல்லாய் தைத்துக் கொடுத்து, வேளைக்கு வேளை தேநீர் கொண்டு வைத்தார். தந்தை ஆப்பிள் பழங்களைக் கொண்டு வந்து தந்தார். வீட்டிலேதானே இருக்கிறாள், கூப்பிட்டால் வரட்டுமே என்று அவர்கள் நினைக்கவில்லை. அவர் செய்வது வேலை என்பதை வீடு ஒப்புக்கொண்டது. வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆனால், வீட்டு வேலை அவரை முழுவதும் விட்டுவிடவும் இல்லை. தாயார் நோயுற்ற நாட்களில் பேனாவை வைத்துவிட்டுச் சமையலையும் பெருக்குதலையும் துணி வெளுத்தலையும் அவரே செய்தார். பாதி எழுதிய பக்கம் மேசையில் காத்துக் கிடந்தது.

மருத்துவமனை தந்த பாடம்

அமெரிக்காவில் அடிமை முறையை முன்னிட்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை வெறுத்த குடும்பத்தில் பிறந்த லூயிசா, 1862 டிசம்பரில் தாதியாகத் தொண்டு செய்யச் சென்றார். தலைநகர் வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில், முன்பு ஓட்டலாக இருந்த ஒரு கட்டடமே மருத்துவமனை. காயமுற்ற வீரர்களைக் கழுவினார்; அவர்களுக்காகக் கடிதம் எழுதினார்; இறப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆறு வாரத்துக்குள் டைபாய்டு அவரைப் பற்றிக்கொண்டது. 1863 ஜனவரியில் தந்தை வந்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நோயின்போது அவரது நீண்ட கூந்தலும் வெட்டப்பட்டது. அக்கால வழக்கப்படி பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். அதன்பின் அவர் முழு நலம் பெறவே இல்லை. அந்த மருந்தே தம்மைக் கெடுத்தது என்று அவர் நம்பினார்; வேறு நோயும் இருந்திருக்கலாம் என்று இக்கால மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் திருத்தி ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தார். 'ஹாஸ்பிட்டல் ஸ்கெட்சஸ்' என்று 1863இல் அது நூலாகவும் வந்தது. மக்கள் விரும்பிப் படித்தனர். தாம் கண்ணால் கண்டதை எளிமையாக எழுதினால் அது நெஞ்சைத் தொடும் என்று லூயிசா அறிந்துகொண்டார்.

மறைந்திருந்த பெயர்

இன்னொரு செய்தி நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். அதே காலத்தில் அவர் ஏ. எம். பார்னார்டு என்ற புனைபெயரில் விறுவிறுப்பான மர்மக் கதைகளும் எழுதி வந்தார். பெயரே போடாமல் அனுப்பிய ஒரு கதைக்கு 100 டாலர் பரிசு கிடைத்தது. அந்தப் பணம் கடைக் கடனையும் மருத்துவச் செலவையும் அடைக்க உதவியது. இந்த இரகசியம் 1940களில்தான் வெளிப்பட்டது. லியோனா ரோஸ்டன்பெர்க், மேடலின் ஸ்டெர்ன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் பழைய கடிதங்களைத் தேடி அதைக் கண்டுபிடித்தனர்.

உரிமையை விற்காத நாள்

1868இல் லூயிசா 'மெர்ரிஸ் மியூசியம்' என்ற சிறுவர் இதழுக்கு ஆண்டுக்கு 500 டாலர் ஊதியத்தில் ஆசிரியராக இருந்தார். ராபர்ட்ஸ் சகோதரர்கள் என்ற பதிப்பகத்தைச் சேர்ந்த தாமஸ் நைல்ஸ், பெண் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதும்படி அவரைக் கேட்டார். லூயிசாவுக்கு விருப்பமில்லை. தம் சகோதரிகளைத் தவிர வேறு பெண் பிள்ளைகளை அவர் அதிகம் அறிந்தவரும் அல்லர். சரி, அவர்களைப் பற்றியே எழுதுவோம் என்று மே மாதம் தொடங்கினார். பன்னிரண்டு அத்தியாயங்களைப் படித்த நைல்ஸ், சுவை போதாது என்று கருதினார்; எழுதியவரும் அப்படியே கருதினார். நல்லவேளையாக நைல்ஸ் அதைத் தம் உறவுச் சிறுமியிடம் கொடுத்துப் பார்த்தார். அவள் சிரித்தாள், அழுதாள், கையை விட்டுக் கீழே வைக்க மறுத்தாள்! ஜூலை நடுவில் கதை முடிந்தது.

இப்போது ஒரு முக்கியமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் பிரதியை மொத்தமாக ஒரு தொகைக்கு விற்றுவிடலாம். அல்லது பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி பெறலாம். கடன் நெருக்கும் வீட்டில் கைக்கு வரும் மொத்தப் பணம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்திருக்கும்! ஆனால், உரிமையை விடாதீர்கள் என்று நைல்ஸே நேர்மையாக அறிவுரை கூறினார். லூயிசா அதைக் கேட்டார். 300 டாலர் முன்பணம் பெற்றுக்கொண்டு உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அந்த ஒரு முடிவு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிற்று.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் 'லிட்டில் விமன்' வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 2,000 பிரதிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் பாகம் எங்கே என்று வாசகியர் கடிதம் எழுதினார்கள். ஜோவுக்கும் லாரிக்கும் திருமணம் செய்து வையுங்கள் என்றும் வேண்டினார்கள். அதை மட்டும் லூயிசா ஏற்கவில்லை! நவம்பர் முதல் நாள் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற வேகத்தில் எழுதி, 1869 புத்தாண்டு நாளில் பிரதியை அனுப்பி வைத்தார். அந்த ஆண்டிலே குடும்பத்தின் பழைய கடன்கள் யாவும் தீர்ந்தன.

உழைப்பின் விலை

பிறகு வந்த பணத்தை லூயிசா தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தங்கை மே ஐரோப்பாவில் ஓவியம் கற்கச் செலவு செய்தார். அக்கா ஆனாவின் கணவர் 1870இல் இறந்த செய்தி ரோம் நகரில் இருந்தபோது கிடைத்தது. அந்த இரு சிறுவர்களின் எதிர்காலத்துக்காக அங்கேயே அமர்ந்து 'லிட்டில் மென்' நாவலை எழுதினார். 1877இல் அக்காவுக்கு ஒரு வீடு வாங்க உதவினார்.

ஆனால், உடல் இதற்கெல்லாம் விலை கொடுத்தது. 'ஒர்க்' என்ற நாவலை எழுதியபோது, ஒரே சமயத்தில் மூன்று பிரதிகள் படியும்படி தாள்களை அடுக்கி, பேனாவை அழுத்தி எழுதினார். வலக்கைக் கட்டைவிரல் செயலிழந்தது. உடனே இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார்! படிக்கும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது; கூடவே மனம் வலிக்கவும் செய்கிறது. எல்லோரையும் தாங்கிய அவரைத் தாங்க அந்த வீட்டில் ஆள் குறைவாக இருந்தது.

1879இல் தங்கை மே, மகளைப் பெற்ற சில வாரங்களில் பாரிஸ் நகரில் இறந்தார். லூலூ என்ற அந்தக் குழந்தை மறு ஆண்டு கடல் கடந்து பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தது. மணம் புரியாத லூயிசா ஒரு தாயானார். பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்களும் வாக்களிக்கலாம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1879இல் சட்டம் செய்தபோது, கான்கார்டு ஊரில் முதலில் பெயர் பதிந்த பெண்மணியும் அவரே. 1880 மார்ச்சில் அங்கு இருபது பெண்கள் வாக்களித்தனர்.

இறுதி நாட்கள்

உடல் தளர்ந்த காலத்திலும் கணக்கில் அவர் தளரவில்லை. தமக்குப் பின்னும் நூல்களின் உரிமை குடும்பத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக, 1887இல் அக்காவின் இளைய மகனைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார். 1888 மார்ச் 4ஆம் நாள் தந்தை காலமானார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 6ஆம் நாள், லூயிசாவும் கண் மூடினார். அப்போது வயது 55. கான்கார்டின் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாரோடு துயில்கிறார். ஆர்ச்சர்டு ஹவுஸ் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அந்தச் சிறிய அரைவட்ட மேசையைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

நாம் கற்பது

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை மருத்துவர் ஆகலாம். சிலர் ஆசிரியை ஆகலாம். சிலர் வீட்டிலிருந்தே எழுதவோ, தைக்கவோ, வரையவோ செய்யலாம். வீட்டில் செய்யும் வேலையை வேலையாகவே எண்ணாத வழக்கம் இன்னும் நம்மிடையே மறையவில்லை. தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தாயைப் பார்த்து, அம்மா வீட்டில் சும்மாதான் இருக்கிறார் என்று நாமே சொல்லிவிடுகிறோம் அல்லவா? லூயிசாவின் வாழ்வு நமக்குச் சொல்வது இதுதான்: வீட்டில் செய்யும் தொழிலை முதலில் நாம் தொழிலாக மதிக்க வேண்டும். அதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். நம் உழைப்பின் உரிமையை அவசரப்பட்டு விற்றுவிடக் கூடாது. வீட்டில் வேறொருவர் அப்படி உழைத்தால், ஒரு கோப்பைத் தேநீரை ஓசையின்றி அவர் அருகில் வைத்துவிட்டு வர வேண்டும். அவரது சுமையில் ஒரு பங்கையும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள லூயிசாவுக்கு ஆள் கிடைத்திருந்தால், அந்த வலக்கை இன்னும் சில காலம் எழுதியிருக்கும்.